துணி காயாத ஊர்கள்

என் அக்கா புருஷனை அச்சகத்தில் எல்லோரும் ஆகாசம் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி மட்டும் கோபம் வந்தால் சொந்தப் பெயரைச் சொல்லுவார். அதனால் அந்தப் பெயர் காதில் விழுந்தாலே அத்தானுக்கு முகம் சுண்டிப்போகும்.

வருஷம் முழுக்க ஏதேதோ அச்சடித்தாலும் எங்களுக்குச் சோறு போடுவது சுவர்க் காலண்டர்தான். ஆறு தாள், மேலே ஒரு தகரப் பட்டை, கீழே கடைக்காரரின் பெயர். படங்களை வெளியிலிருந்து வாங்குவோம். அவற்றில் வானம் பெரும்பாலும் பழைய பனியன் நிறத்தில் இருக்கும். அத்தான் கம்ப்யூட்டரில் அதை வெட்டி எறிந்துவிட்டு நல்ல வானமாக ஒன்றை எடுத்து வைப்பார். இதற்கென்றே ஒரு வானக் கிடங்கு வைத்திருந்தார். காலை வானம், மாலை வானம், பஞ்சு மேகம், மழை மேகம் என்று தனித்தனியாக. அத்தனையும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று அவர் எடுத்தவை. கீழே அவரும் அக்காவும், மாடியில் நான். வெளிநாட்டுக் கோபுரங்களுக்கு மேலே மிதந்த மேகமெல்லாம் என் கொடிக்கு மேலே மிதந்த மேகம்தான்.

வானத்தை மாற்றுவதோடு விடமாட்டார். கரண்டு கம்பி, குப்பைத்தொட்டி, சுவரில் ஒட்டிய நோட்டீஸ், கொடியில் காயும் துணி என்று எதுவும் அவர் கையில் தப்பாது. எல்லாவற்றையும் துடைத்து எடுத்தபின் ஊர் புது மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

“உங்க ஊர்ல எல்லாம் யாரு அத்தான் குடியிருக்காங்க? துணியே துவைக்க மாட்டாங்களா?” என்று நான் கேட்பேன்.

“காலண்டர் வாங்கறவன் தன் வீட்டுத் துணியைப் பாத்துப் பாத்து அலுத்துப்போய்த்தான் வாங்கறான். அடுத்தவன் வீட்டுத் துணியையும் அவனுக்கு எதுக்குக் காட்டணும்?” என்பார்.

முப்பது வருஷம் இந்த வேலையைச் செய்தால் மனுஷனுக்கு என்ன ஆகும்? எதையும் நம்ப முடியாமல் போகும். அத்தானுக்கு அதுதான் ஆனது. கல்யாண ஆல்பத்தைக் கையில் கொடுத்தால் பெண்ணையும் பையனையும் பார்க்கமாட்டார், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பார். பழக்கடையில் மாதுளையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். ஒருமுறை கைமுட்டியில் அடிபட்டபோது டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்ட, “இது என் கைதானா?” என்று கேட்டுவைத்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

நான் அதே அச்சகத்தில் ஆர்டர் எடுக்கும் மேசையில் இருக்கிறேன். காலண்டர் காலம் வந்தால் தகரப் பட்டை அடிக்கவும் உட்காருவேன். விரலெல்லாம் கீறல். அந்த வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டவர் அத்தான்தான். அதற்காக அவரைத் தூக்கிவைத்துப் பேசமாட்டேன். சேர்த்துவிட்ட முதல் வாரம், நான் ஒழுங்காக வேலை செய்கிறேனா என்று தூண் மறைவில் நின்று வேவு பார்த்தவர் அவர்.

காலண்டர் வேலை தொடங்கும் முன் முதலாளி ஒரு நாட்டைத் தேர்ந்தெடுப்பார். அந்த நாட்டின் அழகான ஊர்கள், கிராமங்கள், ஆறு படம். எந்த நாடு என்பதை முடிவுசெய்ய மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் மெஷின் மேசையைச் சுற்றி வழக்கு நடக்கும். வாதாடுகிறவர்களில் ஒருவருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. அதனால் சூட்டுக்குக் குறைவிருக்காது.

“சுவிட்சர்லாந்தை அடிச்சுக்க ஆளே கிடையாது. அங்க மாடுகூட தலை வாரிக்கிட்டு நிக்குது” என்பார் மெஷின்காரர். நாலு கலர் மெஷினை ஓட்டுகிறவர். கையில் எப்போதும் மைக்கறை, வாயில் எப்போதும் சிரிப்பு.

“மாட்டைப் பாக்கவா காலண்டர் வாங்கறாங்க? இத்தாலியைப் பாருங்க. மலை விளிம்புல வீடு. இப்ப விழுமோ, அப்ப விழுமோன்னு நிக்குது, ஆனா விழல.” இது ப்ரூஃப் சார். எழுத்துப்பிழை பார்க்கிறவர். இத்தாலி என்ற சொல்லைக்கூட எழுத்துக்கூட்டித்தான் உச்சரிப்பார்.

அத்தான் டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து லூப்பை எடுப்பார். படத்தின்மேல் வைத்துப் பார்க்கும் சின்ன பூதக்கண்ணாடி அது. தாலிக்கயிறு மாதிரி அவரை விட்டு இறங்கவே இறங்காது.

“இந்த மாட்டுக்கு நிழல் இந்தப் பக்கம் விழுது. மரத்துக்கு அந்தப் பக்கம் விழுது. உங்க சுவிட்சர்லாந்துல எத்தனை சூரியன்?”

ப்ரூஃப் சார் சிரிக்கத் தொடங்கும்போதே லூப் இத்தாலிக்கு நகர்ந்துவிடும்.

“இந்த ஜன்னல் எல்லாமே ஒரே ஜன்னல். ஒண்ணை எடுத்து வரிசையா ஒட்டியிருக்கான். தொட்டிச் செடியில வாடின இலைகூட ஒரே இடத்துல வாடியிருக்கு பாருங்க.”

“அப்ப நீங்களே சொல்லுங்க ஆகாசம், எந்த நாடுதான் அழகு?”

“நான் எதையும் நேர்ல பாக்கல. பாக்காததுக்குச் சாட்சி சொல்ல மாட்டேன்.”

இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு வருஷமும் எல்லோருடைய நாட்டையும் கவிழ்த்தவர், ஒரு வருஷம் தானே ஒரு நாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அதற்கு முன் அவர் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பெண். வீட்டில் அவள் பாப்பா. படிப்பு முடித்துவிட்டு அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைக் கற்றுக்கொண்டாள். வானம் மாற்றுவதில் அப்பாவுக்குச் சளைத்தவள் இல்லை. என்ன, பொறுமை கொஞ்சம் குறைவு. ஒருநாள் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பையன், தான் வேலை பார்க்கும் விடுதிக்கு ஒரு விளம்பரத் தாள் அடிக்க எங்களிடம் வந்தான். போர்ச்சுகலில் ஏதோ மலைமேல் சின்ன ஊர். வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, நடுவில் கல் பாவிய சதுக்கம். அத்தான் வழக்கம்போல வானத்தில் கை வைக்கப் போனார்.

“வானத்தை மட்டும் மாத்தாதீங்க சார், அது நெஜ வானம்” என்றான் பையன்.

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

அத்தான் குதித்தார். “நெஜ வானம்னு வாய்விட்டுச் சொல்றவன்கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். அந்த மாதிரி ஊரே கிடையாது. எங்கயோ என்னை மாதிரி ஒருத்தன் உக்காந்து துடைச்சு வெச்ச ஊரு அது.”

“நான் வானத்தையா கட்டிக்கப் போறேன்?” என்றாள் பாப்பா.

அக்கா இரண்டு பக்கமும் அழுது, எப்படியோ கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை என்று அத்தான் ஒருநாளும் சொன்னதில்லை. அவன், அந்த ஆள். பாப்பா கிளம்புகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது வாசலில் வைத்துச் சொன்னார்: “ஏமாந்து போயிட்டு என் வாசல்ல வந்து நிக்காதே.”

பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டாள். “உங்க வானத்தையெல்லாம் ஒரு காப்பி எடுத்துக்கிட்டேன்பா, ஞாபகத்துக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வந்த கோபத்தில் அத்தானோடு ஒரு வாரம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்றுகூடத் தெரியவில்லை. அது இன்னும் கோபம்.

போன பின் ஞாயிறுதோறும் ஒரு படம் வரும். சதுக்கத்தில் நிற்கும் பாப்பா, பின்னால் வெள்ளை வீடுகள். முதல் படம் வந்ததும் அத்தான் அதைப் பெரிதாக்கி, தலைகீழாக்கி, கறுப்பு வெள்ளையாக்கி என்னென்னவோ செய்து பார்த்தார். ஒரு பழுதும் இல்லை. ஊர் உண்மையான ஊர். வாயால் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் படங்களை அச்சடித்துத் தன் மேசை டிராயரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்ப்பார். நான் ஆர்டர் மேசையில் இருந்து பார்ப்பேன். வேவு பார்க்க அவருக்கு மட்டும்தான் தெரியுமா?

அந்த வருஷ வழக்கில், சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் மல்லுக்கு நின்ற நேரம், அத்தான் தொண்டையைக் கனைத்தார்.

“போர்ச்சுகல்” என்றார்.

மெஷின்காரர்கூட வாயில் இருந்த சோற்றை மெல்வதை நிறுத்திவிட்டார். அத்தான் டிராயரில் இருந்த படங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “என் பொண்ணு இருக்கற ஊரு. வானம் மாத்தல, ஒண்ணும் துடைக்கல. போன வாரம் வரைக்கும் வந்த படம். இதைவிட அழகா ஒரு ஊரு காட்டுங்க பாப்போம்.”

முதலாளிக்குப் பிடித்துப்போனது. எனக்கும் நெஞ்சு நிறைந்தது. இவ்வளவு பெருமையை இந்த மனுஷன் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று நினைத்தேன்.

மெஷின்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷின் ஓடும்போது அவ்வப்போது ஒரு தாளை உருவி, முன்பு எடுத்த தாள்களோடு வரிசையாக வைத்துப் பார்ப்பார், கலர் மாறியிருக்கிறதா என்று. கை அந்தப் பழக்கத்தில் படங்களை வரிசையாகப் பரப்பியது. பரப்பியவர் குனிந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததை நான் பார்த்தேன்.

“ஆகாசம், இந்த விளக்குக் கம்பத்தோட நிழலைப் பாருங்க. இந்தப் படத்துல ரெண்டாம் படியைத் தொடுது. இதுலயும் ரெண்டாம் படி. இதுலயும், இதுலயும். மூணு மாசமா உங்க பொண்ணு ஊர்ல சூரியன் நகரவே இல்லையா?”

கேலி பண்ணிச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது. அத்தான் லூப்பை எடுக்கவில்லை. படங்களை வாரி எடுத்துக்கொண்டார். “சூரியன் அங்க வேற மாதிரி” என்றார். நிழலை வைத்து உலகத்தையே கவிழ்த்த மனுஷன் சொல்கிற பேச்சா இது? ப்ரூஃப் சார் தண்ணீர் குடிக்கப் போனார். முதலாளி, “சரி, இத்தாலியே போடுவோம்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தான் படங்களைக் கட்டில்மேல் பரப்பினார். அக்கா சமையலறையில் இருந்தாள். என்னை மட்டும் கூப்பிட்டார்.

“இங்க பாரு. சால்வை மாறுது, கோட்டு மாறுது. கட்டைவிரல்ல ஒட்டியிருக்கற பிளாஸ்திரி மாறல. ஓரம் பிரிஞ்சிருக்கறதுகூட மாறல.”

பார்த்தேன். மாறவில்லை.

“எல்லாம் ஒரே நாள்ல எடுத்தது. துணியை மாத்தி மாத்தி நின்னிருக்கா. கீழ பாரு, படம் எடுக்கறவன் நிழல். அவன்தான். அன்னைக்கு இருந்திருக்கான். அதுக்கப்புறம்?”

அதற்குப் பிறகு என்ன என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வீடியோவில் பேசு என்றால் கல்சுவர் வீடு, சிக்னல் வராது என்பாள். மாப்பிள்ளையைக் கூப்பிடு என்று அக்கா சொன்னால் வேலைக்குப் போயிருக்கார் என்பாள். ஞாயிற்றுக்கிழமையிலும் வேலையா என்று அக்கா கேட்டபோது, விடுதியில் ஏது ஞாயிற்றுக்கிழமை என்றாள். அப்போது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. சந்தேகம் என்பது ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் நேற்றையும் முந்தாநாளையும் தோண்டிப் பார்க்காமல் விடாது. விட்டுட்டுப் போயிட்டான், பொண்ணு தனியா நிக்கறா. இதுதான் அத்தானின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. என் முகத்திலும் இருந்திருக்கும்.

“போன் போட்டுக் கேட்டுடலாம் அத்தான்.”

“கேட்டா சொல்லுவாளா? அன்னைக்கு வாசல்ல வெச்சு நான் சொன்னதுக்கு அப்புறம் சொல்லுவாளா?”

முதன்முறையாக அந்தப் பேச்சை அவரே எடுத்தார். நான் படங்களை அடுக்கத் தொடங்கினேன். சொல்ல நிறைய இருந்தது.

கேட்பதற்குப் பதில் அவர் வலை விரித்தார். அன்று பாப்பாவிடம் பேசும்போது சாதாரணமாக, “அங்க என்ன, மழையா?” என்றார். ஆமாம்பா, ரெண்டு நாளா மேகமூட்டம் என்றாள். “அப்ப நாளைக்கு அதே சதுக்கத்துல நின்னு மழை மேகத்தோட ஒரு படம் அனுப்பு. மெஷின்காரர் ஏதேதோ சொல்றார், அவர் வாயை அடைக்கணும்.” பாப்பா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரி என்றாள்.

மறுநாள் படம் வந்தது. சதுக்கம், பாப்பா, பின்னால் கறுத்த வானம். ஒரு நொடி எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடி போனது. அந்த மேகத்தை எனக்குத் தெரியும். ஓரம் கிழிந்த கம்பளி மாதிரி ஒரு மேகம். அது வந்த அன்று நான் மாடியில் துணி எடுக்க ஓடினேன், அத்தான் ஒரு கை கொடுக்காமல் கேமராவும் கையுமாக அண்ணாந்து நின்றார். நனைந்த போர்வையை அவர் காலடியில் போட்டுத் திட்டினேன். அந்த மேகம் போர்ச்சுகலுக்கு எப்படிப் போகும்?

அத்தான் மேகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் விரல் படத்தின் கீழே இருந்தது. விளக்குக் கம்பத்தின் நிழல், இரண்டாம் படியைத் தொட்டுக்கொண்டு, கறுகறுவென்று.

“நான்தானே சொல்லிக் கொடுத்தேன்” என்றார். “மழை வானம் வெச்சா முதல்ல நிழலை எடு, நிழலை எடுன்னு தலையில குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தேன். எப்பவும் அவசரம்.” குரல் உடைந்துவிட்டது. வேலையில் பிழை செய்த உதவியாளுக்காக உடைந்த மாதிரியே இருந்தது அது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்ததும், ஸ்பீக்கரில் போட்டார். அக்காவுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. அவளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பாப்பா, மழை மேகத்துக்குக் கீழ நிழல் விழாதும்மா.”

லைன் போய்விட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

“மறந்துட்டேன்பா” என்றாள் பாப்பா, சின்னக் குரலில். அப்புறம் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். அவள் போய்ச் சேர்ந்த வாரமே விடுதியை மூடிவிட்டார்கள். வேலை போனது, விடுதிக்காரர் கொடுத்த வீடும் போனது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஊருக்கு வந்துவிட்டார்கள். அவளுக்கு ரொட்டிக் கம்பெனியில் பேக்கிங். அவருக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிற வேலை, ராத்திரி ஷிப்ட்.

“அந்த ஊரை விட்டுக் கிளம்பற அன்னைக்குப் பெட்டியைத் திறந்து வெச்சு, சால்வையை மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டோம். அவர் வேண்டாம்னுதான் சொன்னார். நீங்க வானத்தை ஸ்டாக் வெச்சிருக்கீங்கல்ல, நான் ஊரையே ஸ்டாக் வெச்சுக்கிட்டேன்.”

“எதுக்குடி இதெல்லாம்?” என்றாள் அக்கா.

“அப்பா ஜெயிச்சிட்டாருன்னு ஆயிடும்ல” என்றாள் பாப்பா.

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் முகம் அப்படியா இருக்கும்? ஆனாலும் பிறவிக் குணம் போகுமா? நிமிர்ந்து கேட்டார்: “அவன் எங்கே?”

“தூங்கறார்பா. இப்பதான் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தார்.”

“எழுப்பு.”

“வேண்டாம்பா. பாவம்.”

“ஒரு வார்த்தை பேசச் சொல்லு.”

“அப்பா, இப்பதான் கண் அசந்தார். உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா விடுங்க.”

அக்கா கையால் அவர் வாயைப் பொத்தப் போனாள். எனக்கும் அந்த ‘தூங்கறார்’ மேல் நம்பிக்கை வரவில்லை, மறைக்கமாட்டேன். மூன்று மாதமாக ஊரையே பொய்யாகக் காட்டியவள் ஒரு புருஷனைக் காட்டமாட்டாளா?

அத்தான் அக்காவின் கையை விலக்கிவிட்டுச் சொன்னார்: “சரி. உன் ஜன்னல்ல நின்னா என்ன தெரியுதோ அதை எடுத்து அனுப்பு. வானம் வைக்காதே. ஒண்ணையும் துடைக்காதே.”

மறுநாள் நாங்கள் வேலையில் இருக்கும்போது படம் வந்தது. கூடவே ஒரு வரி. குறுக்கே துணி தொங்குதுப்பா, காயப்போட வேற இடமில்ல, நீங்களே எடுத்துடுங்க.

அத்தான் அதை ப்ரூஃப் தாளில் பெரிதாக அச்சடித்து விளக்கு மேசையில் வைத்தார். நானும் போய் நின்றேன். எதிரே காரை பெயர்ந்த ஒரு சுவர். கீழே குப்பைத்தொட்டிகள் மூன்று, ஒன்றுக்கு மூடி இல்லை. கம்பிகள் பின்னிக் கிடந்தன. வானம் பழைய பனியன். நிழல் என்று ஒன்று எங்கேயும் இல்லை. அத்தான் கையில் இருபது வருஷம் முன் கிடைத்திருந்தால் குப்பையில் போட்டிருப்பார், துடைக்கக்கூட எடுத்திருக்கமாட்டார்.

லூப்பை வைத்தார். சுவரில் வைத்தார், தொட்டியில் வைத்தார். அப்புறம் கொடிக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

“நீ பாரு” என்று லூப்பை என்னிடம் கொடுத்தார். தன் லூப்பை அவர் யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கண்ணை வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே குறுக்காகக் கட்டிய கொடியில் முதலில் ஓர் ஆண்சட்டை. முரட்டுத் துணி, நெஞ்சில் மின்னும் பட்டை, கிடங்கு வேலைக்காரர்கள் போடுவது. பக்கத்தில் அதேபோல் இன்னொன்று. பெரிய பெரிய காலுறைகள், ஒன்றில் பெருவிரல் இடத்தில் ஓட்டை. அடுத்து பாப்பாவின் நீலச் சட்டை. கடைசியில் இரண்டு தலையணை உறைகள், மஞ்சள் பூப்போட்டவை. அக்கா தன் பழைய புடவையைக் கிழித்துத் தைத்துக் கொடுத்து அனுப்பிய ஜோடி. இரண்டுமே புழங்கித் துவைத்தவை. எல்லாவற்றின் அடியோரமும் ஈரத்தில் கறுத்துச் சொட்டிக்கொண்டிருந்தது.

“வேணும்னே தொங்க விட்டிருப்பாளோ?” என் வாய் சும்மா இருக்காதே.

“துணியை எடுத்துடுங்கன்னுல்ல எழுதியிருக்கா” என்றார் அத்தான். “நான் துணியைப் பாக்கவே மாட்டேன்னு நெனச்சிருக்கா. பாத்தவுடனே துடைச்சிடுவேன்னு.”

எனக்குக் கண் மறைத்தது. லூப்பில் ஒன்றும் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மெஷின்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பழக்க தோஷம், முதலில் நிழலைத்தான் தேடினார். கிடைக்கவில்லை.

“இது எந்த நாடு ஆகாசம்?”

“போர்ச்சுகல். என் பொண்ணு வீடு.”

மெஷின்காரர் நல்ல மனுஷன். அன்றைக்குத் தன் வாயால் வந்த வினை அவரை உறுத்திக்கொண்டிருந்தது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று படத்தையே பார்த்தார்.

“மோசமில்ல. வெளிச்சம் ஒரே சீரா இருக்கு. அந்தத் துணியை மட்டும் எடுத்துட்டா…”

“அதை எடுத்துட்டா அங்க வேற என்ன இருக்கு?” என்றார் அத்தான்.

மெஷின்காரருக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்குப் போனார். அத்தான் படத்தைத் தன் மேசைக்கு மேலே சுவரில் பின் அடித்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அவர் நம்பர் உங்கிட்ட இருக்கா?”

யார் நம்பர் என்று கேட்க வந்து நிறுத்திக்கொண்டேன். ‘அவர்’ என்று அத்தான் சொல்லிக் கேட்பது அதுதான் முதல்முறை. என் போனில் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். மெஷின் சத்தத்துக்குப் பயந்து இரண்டு பேரும் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே போய் நின்றோம். வெகுநேரம் மணி அடித்தது. அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு முறை அடித்திருந்தால் பழைய சந்தேகம் திரும்பி வந்திருக்கும், எனக்குத் தெரியும்.

அப்புறம் எடுத்தார்கள். தூக்கத்தில் அடைத்த ஆண்குரல். “யாரு?”

அத்தான் போனை என்னிடமே நீட்டினார். நான் அவர் முழங்கையை இடித்தேன்.

“நான்தான், மாப்பிள்ளை. ஒண்ணும் இல்ல. நீங்க தூங்குங்க. லீவு கிடைச்சா ரெண்டு பேரும் வந்து நில்லுங்க, வாசல் இருக்கு.”

போனை என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் போனார். திரையில் இத்தாலியின் நாலாம் தாள் காத்திருந்தது. மலையோரச் சந்து, இரண்டு பக்கமும் வீடுகள், குறுக்கே ஒரு கொடி, கொடியில் யாரோ ஒருத்தியின் துணி. அவர் வானத்தை மட்டும் மாற்றினார்.